சேருக்கு எடுத்து வைத்த கடும்பு

எனக்குக் கடும்பு பிடிக்காது. பிடிக்காது என்று சொல்வதுகூட மரியாதைக்குத்தான், கண்டாலே குமட்டும். மாடு கன்று போட்டவுடன் சுரக்கிற முதல் பால் மஞ்சளாக, தடிப்பாக இருக்கும். அதில் பனங்கட்டியும் ஏலக்காயும் போட்டு அடுப்பில் வைத்தால் தானாகவே திரைந்து கட்டியாகிவிடும். அதுதான் கடும்பு. எங்கள் யாழ்ப்பாணத்தில் அதற்கு உயிரை விடுகிற சனம் இருக்கிறது. எனக்கோ அது வாயில் வழுவழுவென்று நழுவுகிற விதமும், ஏலக்காய்க்கு அடியில் ஒளிந்திருக்கிற அந்தப் பச்சை வாடையும்... சீ, எழுதவே பிடிக்கவில்லை.

இப்படிப்பட்டவள் போய்ச் சேர்ந்த வேலையைப் பாருங்கள். மாடுகளுக்கு என்ன தீனி கொடுத்தால் நேரத்துக்குச் சினைப்படும், கன்று எப்படி வளரும், பால் எவ்வளவு கூடும் என்று ஆராய்கிற ஒரு திட்டம். அதில் நான் ஆராய்ச்சி உதவியாளர். பெயர் பெரிதாக இருக்கிறதே என்று நினைக்க வேண்டாம். தோள்வரை நீளும் பிளாஸ்டிக் கையுறையை மாட்டிக்கொண்டு பசுவின் வாலை விலக்கிப் பின்னால் நிற்கிறவள் நான்தான். சாணத்தை அள்ளிப் போத்தலில் அடைக்கிறவளும் நான்தான். அதெல்லாம் எனக்கு அருவருப்பே இல்லை. சாணம் சாணமாக இருந்துவிட்டுப் போகிறது. யாரும் அதைக் கோப்பையில் போட்டு, "கொஞ்சம் சாப்பிட்டுப் பாருங்கோ மிஸ்" என்று நீட்டுவதில்லையே.

கடும்பை நீட்டினார்கள். போகிற வீடெல்லாம் நீட்டினார்கள். வேண்டாம் என்றால் அவர்கள் முகம் விழுந்துவிடும். ஆகவே, "பிறகு சாப்பிடுறன்" என்று வாங்கி, ஜீப்புக்குக் கொண்டுபோய்ச் சாரதி அண்ணையிடம் கொடுத்துவிடுவேன். அவர் அங்கேயே இருந்து வழித்து நக்கிவிட்டு, "போன பிறப்பிலை என்ன பாவம் செய்தியளோ மிஸ், உந்த ருசி தெரியாமல் பிறந்திருக்கிறியள்" என்பார்.

திட்டத்தின் தலைவர் பெரிய படிப்புப் படித்தவர். நாங்களும் சனமும் அவரைச் 'சேர்' என்று கூப்பிடுவோம். பேச்சென்றால் பேச்சு, அப்படியொரு பேச்சு. ஊருக்கு ஊர் சனசமூக நிலையத்தில் மாடு வளர்ப்பவர்களைக் கூட்டி வைத்துக் கையை வீசி முழங்குவார். "சீம்பால் எண்டால் தங்கம்! கன்றின்ரை முதல் தடுப்பூசி அதுதான். பிறந்த கையோடை பருக்க வேணும். உதிலை இருக்கிற சத்து உலகத்திலை வேறை ஒண்டிலையும் இல்லை!" சொன்னதில் ஒரு எழுத்துப் பிழை இல்லை. அந்தப் பால்தான் கன்றுக்கு நோய் எதிர்ப்பைக் கொடுப்பது. அதுவும் பிறந்த சில மணி நேரத்துக்குள் வயிற்றுக்குள் போக வேண்டும். பிந்தினால் பாலாகப் போகுமே தவிர மருந்தாகப் போகாது.

கூட்டம் முடியும். பக்கத்தில் எங்காவது ஒரு வீட்டில் மாடு கன்று போட்டிருக்கும். சேருக்குக் கடும்பு வரும். சற்று முன் தங்கம் தங்கம் என்று முழங்கிய அதே மனிதர் சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் கதிரையில் சாய்ந்து, அந்தத் தங்கத்தைக் கரண்டியால் வெட்டி வெட்டி வாய்க்குள் போடுவார். நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி எடுத்து ஒரு சத்தம் போடுவார் பாருங்கள், அந்தச் சத்தம் எனக்கு இரவு படுத்தாலும் கேட்கும். பிறகு விரலை நக்குவார். பிறகு, "வீட்டுக்காறிக்கும் கொஞ்சம் கட்டித் தாங்கோவன்" என்பார்.

இதற்கிடையில் எங்கள் திட்டத்துக் கன்றுகள் செத்துக்கொண்டிருந்தன. நாங்கள் அடிக்கடி போய்வருகிற ஊர்களில், எங்கள் விசேட தீனி தின்ற பசுக்களுக்குப் பிறந்த கன்றுகள், பிறந்த கொஞ்ச நாளிலேயே கழிச்சல் கண்டு, கண் உள்ளே போய், வாலெல்லாம் சாணம் ஒட்டிக் கிடந்து சாகும். தீனி மூட்டையை மட்டும் இறக்கிவிட்டு எப்போதாவது எட்டிப்பார்க்கிற ஊர்களிலோ கன்றுகள் வளவெல்லாம் துள்ளித் திரிந்தன. சேர் தண்ணீரைச் சந்தேகித்தார், மொய்க்கிற இலையானைச் சந்தேகித்தார், மாட்டின் இனத்தைச் சந்தேகித்தார். தீனித் தூளில் இன்னொரு விற்றமின் சேர்த்தார். கன்றுகள் அதற்கும் மசியவில்லை.

எனக்கு விஷயம் வெளித்தது அலுவலகக் குளிர்சாதனப் பெட்டியில். இரத்த மாதிரிகளும் தடுப்பு மருந்தும் வைப்பதற்கென்று வாங்கிய பெட்டி அது. ஒரு சனி ஞாயிறு மின்சாரம் நின்றுபோய்த் திங்கள் காலை திறந்தால், அம்மாடி! மாஜரின் டப்பா, ஐஸ்கிறீம் டப்பா, சாப்பாட்டுப் பெட்டி என்று மூன்று தட்டிலும் சேருக்கு வந்த கடும்பு. பொங்கி, புளித்து, மூடியைத் தள்ளிக்கொண்டு மஞ்சள் தண்ணீர் வடிந்து மருந்துக் குப்பிகளுக்கு மேலே உறைந்திருந்தது. அலுவலகத்தில் அன்றைக்கு எத்தனை ஆம்பிளைகள் இருந்தார்கள்! ஆனால் பெட்டியைக் கழுவ வேண்டியவள் யார்? நான்தானே. மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு டப்பா டப்பாவாக வெளியே எடுத்தேன். டப்பாக்களைக் கழுவித் திருப்பிக் கொடுக்கிறவளும் நானே என்பதால் எது எந்த வீட்டுடையது என்று எனக்குத் தெரியும். பச்சை மூடி: போன கிழமை கன்று செத்த வீடு. உடைந்த கைப்பிடி: தொண்டைமானாற்று வீடு, அங்கே கன்று கழிந்துகொண்டு கிடக்கிறது. ஐஸ்கிறீம் டப்பா: செத்தது. நீலப் பெட்டி: செத்தது. கையில் நீலப் பெட்டியோடு பின்வளவுக்கு ஓடிப்போய், மதிலைப் பிடித்துக்கொண்டு சத்தி எடுத்தேன்.

வாயைக் கழுவிவிட்டு நேரே சேரிடம் போய்ச் சொன்னேன். எங்களைப் பெரிய ஆட்கள் என்று நினைத்துக் கன்று குடிக்க வேண்டியதைக் கறந்து காய்ச்சி எங்களுக்குத் தருகிறார்கள், நாங்கள் அதிகம் போகாத ஊர்களில் யாருக்குக் கொடுப்பது, கன்று குடிக்கிறது, பிழைக்கிறது என்றேன். சேர் சிரித்தார். "ஒரு கோப்பை கடும்பிலை கண்டுக்குட்டி சாகுமே? உது எங்கடை கலாசாரம் பிள்ளை. சரி, அடுத்த கூட்டத்திலை இன்னும் வடிவாச் சொல்லுறன்." வடிவாகத்தான் சொன்னார். சீம்பாலின் பெருமையை வழமையைவிடக் கூடுதல் நேரம் முழங்கினார். அதன் பிறகு டப்பாக்கள் இன்னும் கூடுதலாக வந்தன. இது என்ன சனம் என்று எனக்கு விசர் பிடிக்காத குறை.

உடுப்பிட்டியில் ஒரு அக்கா இருந்தார். கணவர் மேசன் வேலைக்குப் போய்விடுவார்; மாடு அக்காவின் பாடு. ஒரேயொரு கலப்பினப் பசு, வயது போனது. அது போட்டதெல்லாம் நாம்பன், ஆண் கன்று. பால் தராத, ஏர் பூட்டவும் தேவைப்படாத நாம்பனை எங்கள் ஊரில் யார் வைத்துத் தீனி போடுவார்கள்? சின்ன லொறியோடு ஒருவர் வருவார், ஏற்றிக்கொண்டு போய்விடுவார். எங்கே என்று எல்லோருக்கும் தெரியும். வெள்ளிக்கிழமை முட்டைகூடத் தொடாத வீடுகள்தான், ஆனால் எங்கே என்று ஒருவரும் கேட்கமாட்டோம். லொறி வரும்போது அக்கா அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாராம். தாய்ப் பசு கத்துவது அதற்குள்ளும் கேட்கும் என்றார்.

"என்னாலை இனி ஏலாது மிஸ்," என்று ஒருநாள் கொட்டிலில் வைத்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "இதுக்கும் வயசு போட்டுது. இனிப் போடுறதுதான் கடைசிக் கண்டு எண்டு மாட்டு டொக்டர் சொல்லிப்போட்டார். இந்த முறையெண்டாலும் ஒரு பசுக்கண்டு வேணும். அதுவும் உயிரோடை வேணும்." பெரும்பாலும் பசுக்கன்றே பிறக்கும்படி பிரித்தெடுத்த விந்து அப்போது எங்கள் திட்டத்துக்கு வந்திருந்தது. பசு பருவத்துக்கு வந்து கத்திய அன்றைக்கே அக்கா அழைத்தார், போய்ச் சினைப்படுத்தினோம். பசுக்கன்று பிறந்தால் பால் கொண்டுவருகிறேன் என்று சந்நிதி முருகனுக்கு நேர்த்தி வைத்தார். நான் போகும்போதெல்லாம், "அக்கா, முதல் பால் கண்டுக்கு. விளங்கிச்சுதோ?" என்பேன். "ஓம் மிஸ், ஓம்" என்பார். எங்கள் சனத்தின் இந்த ஓமை நம்பி ஒரு காரியத்திலும் இறங்கக்கூடாது.

விடிந்துகொண்டிருக்கும்போது தொலைபேசி அடித்தது. "மிஸ்! பசுக்கண்டு! நெத்தியிலை வெள்ளைப் பொட்டு!" அக்கா அழுதார், சிரித்தார். "முதல் பால் கண்டுக்கு அக்கா" என்றேன். "ஓம், ஓம்" என்று வைத்துவிட்டார். சாவகச்சேரியில் வீட்டு வேலையை முடித்து, ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு கொடிகாமத்தால் திரும்பி, நெல்லியடி தாண்டிப் போய்ச் சேர வெயில் ஏறிவிட்டது.

படலையைத் திறக்கும்போதே மணத்தது. பனங்கட்டி, ஏலக்காய், அந்த வாடை. முற்றம் கூட்டித் தண்ணீர் தெளித்திருந்தது, கதிரைகள் வரிசையாகப் போட்டிருந்தன. கொட்டிலுக்கு ஓடினேன். கன்று சாக்கில் பக்கவாட்டாகக் கிடந்தது, கழுத்தைத் தூக்கவில்லை. வாய்க்குள் விரலை விட்டால் குளிர். பசுவின் மடியைப் பிடித்துப் பார்த்தேன். வற்றக் கறந்திருந்தது.

"அக்கா! கண்டு குடிச்சுதோ?"

"இன்னும் எழும்பேல்லை மிஸ். எழும்பினால்தானே குடிக்கும்."

"அப்ப பால் எங்கை?"

அக்கா சேலைத் தலைப்பை முறுக்கினார். "சேர் நேற்றுப் பின்னேரம் போன் எடுத்தவர். வெளிநாட்டு ஆக்கள் வருகினமாம். மாடு இண்டைக்கோ நாளைக்கோ எண்டு நிக்குதெல்லே, போட்டுதெண்டால் கடும்பு காய்ச்சி வையுங்கோ, அவைக்கு எங்கடை சாப்பாடு காட்ட வேணும் எண்டவர்."

"நான் உங்களுக்கு எத்தினை தரம் சொன்னனான்!"

"நீங்கள் சொன்னனீங்கள்தான். கேட்டது சேர் எல்லோ." பிறகு உண்மையிலேயே விளங்காத முகத்தோடு என்னைப் பார்த்தார். "அவர்தானே மிஸ் கூட்டத்துக்குக் கூட்டம் அந்தப் பாலைத் தங்கம் எண்டு சொன்னவர். முந்தியெண்டால் நாங்கள் ஒரு பேணி எடுத்துக்கொண்டு மிச்சத்தைக் கண்டுக்கு விட்டிடுவம். இவ்வளவு சத்தெண்டு தெரிஞ்ச பிறகு, அதைக் கண்டுக்குப் பருக்கிப்போட்டு வீட்டை வாற பெரிய மனிசருக்கு வெறுந் தேத்தண்ணியே குடுக்கிறது?"

அட கடவுளே. இத்தனை மாதமும் எனக்குப் பிடிபடாதது அந்தக் கொட்டில் வாசலில் பிடிபட்டது. சேர் கன்றுக்காகப் பேசப் பேச, சனம் அதை விருந்தாளிக்குரிய சாமானாக உயர்த்தி வைத்துவிட்டது. நல்லதை முதலில் வந்தவருக்குக் கொடுத்துப் பழகிய சனம் வேறென்ன செய்யும்? எனக்கு அக்காவில் வந்த கோபம் அப்படியே திரும்பிச் சேரில் போய் நின்றது.

"அக்கா, காய்ச்சாத பால் கொஞ்சமும் இல்லையோ? உந்தக் கண்டு சாகப்போகுது!"

அக்கா நெஞ்சில் கையை வைத்தார். "ஐயோ, இருக்கு! உங்களுக்கெண்டு எடுத்து வைச்சனான். நீங்கள் எங்கடை கடும்பு சாப்பிடுறேல்லையாம், மணம் ஒத்துவராதாம் எண்டு ஜீப் றைவர் அண்ணை சொன்னவர். பச்சைப் பாலாக் குடுத்துவிட்டால் உங்கடை அம்மா உங்கடை கைப்பக்குவத்துக்குக் காய்ச்சுவா எண்டு நினைச்சன்." குசினிக்கு ஓடிப்போய்க் குளிர்சாதனப் பெட்டியிலிருந்து பெரிய சோடாப் போத்தல் ஒன்றைக் கொண்டுவந்தார். கழுத்துவரை மஞ்சள் பால். என் வாழ்நாளில் அந்த மஞ்சளைப் பார்த்துக் குமட்டாமல் இருந்தது அந்த ஒரு முறைதான்.

அடுப்பில் வைக்க முடியாது, வைத்தால் கடும்பாகிவிடும். சுடுதண்ணீர்ச் சட்டிக்குள் போத்தலை இறக்கி, உருட்டி உருட்டி, கைக்கு இளஞ்சூடு வரும்வரை காத்திருந்தோம். கன்றை மடியில் தூக்கி வைத்தேன். பிறந்த ஈரமும் சளியும் சட்டையெல்லாம் ஒட்டியது. பக்கத்து வீட்டிலிருந்து அக்கா ஒரு குழந்தைப் பால் போத்தல் சூப்பி வாங்கிவந்து சோடாப் போத்தலில் மாட்டினார். கன்று முதலில் வாயால் வழிய விட்டது. என் விரலைக் கொடுத்தேன், நாக்கு லேசாகச் சுருண்டது. சூப்பியைச் செருகினேன். ஒரு மிடறு. இன்னொன்று. "குடியடி, குடி" என்று அக்கா தொண்டையைத் தடவித் தடவி அழுதுகொண்டிருந்தார். சந்நிதி முருகனைக் கூப்பிட்டார், என்னைக் கூப்பிட்டார், செத்துப்போன தன் தாயைக்கூடக் கூப்பிட்டார்.

பாதிப் போத்தலில் ஜீப் சத்தம் கேட்டது. அக்கா துள்ளி எழும்பி, முகத்தைத் துடைத்துக்கொண்டு முற்றத்துக்கு ஓடினார். கொட்டில் வாசலால் எனக்கு எல்லாம் தெரிந்தது. சேர், அவரோடு வெள்ளைக்காரர் இருவர், ஒரு பெண்ணும் ஓர் ஆணும். கோப்பைகள் வந்தன. அந்தப் பெண் கரண்டி நுனியால் ஒரு துளி தொட்டு நாக்கில் வைத்துச் சிரித்துவிட்டுக் கீழே வைத்தார். ஆண் மணந்து பார்த்ததோடு சரி. இலையான்கள் வந்து குந்தின. ஒரு கன்றின் உயிர் இரண்டு கோப்பைகளில் இலையான் மொய்த்துக் கிடந்தது. சேர் மட்டும் தன் கோப்பையை முடித்து, மறுபடி நீட்டினார். அந்த நாக்குச் சத்தம் கொட்டில்வரை கேட்டது.

"எங்கை எங்கடை மிஸ்? வந்து சீம்பாலைப் பற்றி இவைக்குக் கொஞ்சம் சொல்லும்!"

போனேன். சளியும் சாணமும் வழிகிற சட்டையோடு அப்படியே போய் நின்றேன். "கண்டு குடிச்சு முடியட்டும் சேர். நீங்கள் சாப்பிடுறது அதின்ரை பால். அது உள்ளை சாகக் கிடக்குது."

சேர் சிரிப்பை மாற்றவில்லை. விருந்தாளிகள் பக்கம் திரும்பி, உங்களைக் கன்று பார்க்க வரச் சொல்கிறா என்று ஆங்கிலத்தில் சொன்னார். எவ்வளவு துணிவு! எனக்கு ஆங்கிலம் தெரியும் என்பது அவருக்கு மறந்துபோனதா, இல்லை நான் வாயைத் திறக்கமாட்டேன் என்ற நம்பிக்கையா? நானே அவர்களுக்கு ஆங்கிலத்தில் சொன்னேன், ஒன்றும் விடாமல். அந்தப் பெண்ணின் முகம் கோப்பையைப் பார்த்தபடி வெளிறிப்போனது. "இண்டைக்கு ஒரு நாளைக்கெண்டாலும் சமாளிச்சிருக்கேலாதே உமக்கு?" என்று சேர் பல்லுக்குள் சொன்னார். "திங்கட்கிழமை என்னை வந்து பாரும்."

ஆளுக்காள் முகம் பாராமல் ஜீப்பில் ஏறினார்கள். அவ்வளவு நடந்த பிறகு, ஒரு கால் ஜீப்பிலும் ஒரு கால் நிலத்திலுமாக நின்று அந்த மனிதர் திரும்பினார். "வீட்டுக்காறிக்கும் கொஞ்சம் கட்டித் தாங்கோவன்."

அக்கா என்னைப் பார்த்தார். கொட்டிலைப் பார்த்தார். குசினியில் கடும்பு காய்ச்சிய சருவம் பாதி நிறைந்திருந்தது என்று எனக்குத் தெரியும்.

"முடிஞ்சுது சேர்," என்றார்.

வீட்டுக்கு வந்த ஆளிடம் இல்லை என்று சொன்னது வாழ்க்கையில் அதுதான் முதல் தரம் என்று பிறகு சொன்னார். நான் பொழுதுபடும்வரை அங்கேயே இருந்தேன். கன்று எழும்பி விழுந்தது, எழும்பி விழுந்தது, கடைசியில் நாலு காலையும் அகட்டி ஊன்றிக்கொண்டு தாயின் மடியை முட்டியது. அன்று மாலை அக்கா கறக்கப் போகவில்லை.

திங்கட்கிழமை சேர் என்ன சொன்னார் என்பதை எழுதிக் கையை அழுக்காக்க மாட்டேன். திட்டம் முடிந்தது, அவர் வேறெங்கோ போனார், நானும் வேறு வேலைக்கு மாறினேன். வெள்ளைப் பொட்டுக்காரி கழியவில்லை, சாகவில்லை. வளர்ந்தாள், சினைப்பட்டாள். அண்மையில் ஒருநாள் அக்கா அழைத்தார். "பிள்ளை, கண்டு போட்டிட்டாள். வாரும்." இப்போது மிஸ் இல்லை, பிள்ளை.

போனேன். முற்றத்தில் ஒரு கதிரை மட்டும் கிடந்தது. அக்கா கோப்பையோடு வந்தார். கை நீட்டுமுன் கேட்டேன், "கண்டு குடிச்சுதோ?"

"முதல்லை போய் வயித்தைத் தடவிப் பாரும். பிறகு வந்து சாப்பிடும்."

கொட்டிலுக்குப் போனேன். கன்று தாயோடு ஒட்டிப் படுத்திருந்தது. மூஞ்சியெல்லாம் மஞ்சள் நுரை. வயிறு விம்மி இறுகியிருந்தது. வாலைத் தூக்கிப் பார்த்தேன்.

"நாம்பன்தான் பிள்ளை," என்றார் அக்கா பின்னாலிருந்து. "முதல் பாலையாவது வயிறு நிறையக் குடிக்கட்டும் எண்டு விட்டிட்டன். இது அவன் குடிச்ச மிச்சம்."

லொறிக்காரரைப் பற்றி நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. கதிரையில் இருந்து கோப்பையை வாங்கினேன். கொண்டுபோய்க் கொடுப்பதற்குச் சாரதி அண்ணையும் இல்லை. அதே மணம், அதே வழுவழுப்பு. கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினேன். மறுபடி ஒரு கரண்டி, மறுபடி விழுங்கினேன். அருவருப்பு அப்படியே இருந்தது. கோப்பையில்தான் ஒன்றும் மிஞ்சவில்லை.